செண்பகம் போட்ட சத்தம்

பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டிருப்பது தூங்குகிற பூனையை வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது பிரமநாயகிக்கு. சூடு அப்படியே தொடைக்கு இறங்கியது, கீழே வைக்கலாம் என்றால் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள், கணவர் இருந்திருந்தால் இதற்குள் அதை எடுத்துப் பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் போர்த்திவிட்டு, "எனக்கு வீட்டுல ஏற்கெனவே ஒரு சுமை இருக்குய்யா, இது வேறயா" என்று மைக்கில் சொல்லியிருப்பார், கூட்டம் ஓவென்று சிரித்திருக்கும். சுமை என்றால் அவள்தான். அவள் என்றால் அவளும் இல்லை, செண்பகம். பேராசிரியர் ஆவுடையப்பனின் மனைவி பெயர் செண்பகம் என்றுதான் மதுரைக்குத் தெற்கே பாதிச் சனம் நம்பிக்கொண்டிருக்கிறது. மேடைக்கு மேடை, பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம், அப்புறம் டிவி வந்து அதிலும், இப்போது அவர் போய் ஒரு மாதம் ஆனபிறகு யூடியூபிலும் அந்தச் செண்பகம் வாய் ஓயாமல் அவரைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். "நேத்து எங்க வீட்டுச் செண்பகம் இட்லி அவிச்சா. ஒரு இட்லி கை தவறிக் கீழ விழுந்துட்டு. கீழ்வீட்டுக்காரர் மேல ஏறி வந்து, யாரு சார் அம்மிக் குழவியை உருட்டுததுன்னு கேக்காரு." கீழ்வீடு என்று ஒன்று அவர்களுக்கு இருந்ததே இல்லை. தனி வீடு. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து, தலைமையாசிரியையாக ஓய்வுபெற்ற பிரமநாயகி வாழ்க்கையில் யாரையும் சத்தம் போட்டுத் திட்டியவளும் இல்லை. ஆனாலும் இன்று காலை இந்தக் கல்லூரி வாசலில் காரை விட்டு இறங்கியதும், மாலையோடு நின்ற ஒரு பையன் பக்கத்தில் இருந்தவன் காதில் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது: "ஏல, செண்பகம் வந்துட்டாங்க." காது மட்டும் இந்த வயதிலும் நன்றாகத்தான் இருக்கிறது. கேட்டதும் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, சிரித்தால் தாலியறுத்தவள் சிரிக்கிறாள் என்பார்களே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அவள் அழுவதாக நினைத்து இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பேராசிரியர் ஆவுடையப்பன் அரங்கம். எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது, அவர் பார்த்திருந்தால் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்திருப்பார். மேடை ஓரத்தில் மாலை போட்ட படம். எந்தப் படம் கொடுக்க என்று மாகாளி கேட்டபோது, பல் தெரிகிற படம் வேண்டாம் என்று யாரோ சொல்ல, தேடித்தேடி அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒரே படத்தைக் கண்டுபிடித்தார்கள். அது பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. இப்போது அவர் விசா மறுக்கப்பட்டவர் மாதிரி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த உச்சிமாகாளி அவருடைய மாணவன், இப்போது இங்கே தமிழ்த்துறைத் தலைவர், விழாவின் மணியும் நேரச்சீட்டும் இவன் கையில்தான். அவர் முன்னால் நின்றால் கடைசிவரை முதலாண்டு மாணவன் மாதிரி கையைக் கட்டிக்கொள்வான். படத்துக்கு முன்னாலும் அப்படித்தான் நிற்கிறான், பார்க்கப் பாவமாக இருக்கிறது. பேசுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள், ஆளுக்கொரு செண்பகம் துணுக்கைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், அவர் சொன்ன மாதிரி ஒருவருக்கும் வரவில்லை. இடம் விட வேண்டிய இடத்தில் இடம் விடத் தெரியவில்லை. சிரிப்பு மேலே போய்த் திரும்பி இறங்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த வார்த்தையைப் போடவேண்டும், உச்சியில் போட்டால் அது யார் காதிலும் விழாது, அடங்கியபின் போட்டால் சாம்பல் மேல் எண்ணெய் விட்ட கதை. அலையும் அலையும் சேர்வது போலத்தான் இதுவும், முகடும் முகடும் சேர்ந்தால் பெருகும், முகடும் அகடும் சேர்ந்தால் காணாமலே போகும். இதை அவருக்குச் சொன்னவள் இவள்தான், ஒரு நாள் அடுக்களையில் தண்ணீர் அண்டாவைக் காட்டிச் சொன்னாள், "அட, ஒங்க பாடத்துல எங்க சங்கதியும் இருக்கா" என்றார். ஆனால் இவர்கள் யாரும் வகுப்பறை ஆவுடையப்பனைப் பற்றிப் பேசவில்லை, அதுதான் ஆச்சரியம். அவர் பாலைத் திணை நடத்துகிறார் என்றால் விலங்கியல் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் தொங்கும். "தலைவன் பொருள் தேடிப் போறான். அந்தக் காலத்துல பாலைவனத்தைத் தாண்டிப் போனான். நம்மாளு துபாய்னு பாலைவனத்துக்கே போறான்." சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும் நேரத்தில் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போடுவார். ஒன்றும் பேசமாட்டார். இன்னொரு கோடு. இன்னொன்று. போனவன் வரும் நாளை எண்ணிச் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி என்பது அவர்களுக்கு உறைக்கும் வரை போட்டுக்கொண்டே இருப்பார். அப்பா துபாயில் இருக்கிற பிள்ளைகள் முதலில் குனிந்துகொள்ளும். சுவரைப் பாழாக்குகிறார் என்று அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம்கூட வந்தது, பிரமநாயகிக்கு இன்னும் அந்தக் கோடுகள் எந்த வகுப்பறைச் சுவரில் என்று தெரியும், சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், அடிக்கட்டும்.

"அடுத்ததாக, நமது துறையின் இளைய பேராசிரியர், முனைவர் பெனிட்டா" என்று மாகாளி அழைத்தான். ஒல்லியான பெண், பருத்திப் புடவை, கண்ணாடி, கையில் தாள் இல்லை. படத்துக்கு ஒரு பூவைப் போட்டுவிட்டு வந்து மைக் முன்னால் நின்றாள். நல்ல தமிழ். எடுத்தவுடன் அவருடைய பாலைத் திணை வகுப்பைப் பற்றித்தான் சொன்னாள், தன் அம்மா அந்த வகுப்பில் இருந்தவர் என்றும், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தான் தமிழ் படிக்க வந்ததாகவும் சொன்னாள். பிரமநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அந்தப் பெண் தண்ணீர் குடித்தாள். குடித்த விதத்தைப் பார்த்ததும் பிரமநாயகிக்குத் தெரிந்துவிட்டது, இவள் ஏதோ சொல்லப்போகிறாள், முப்பது வருஷம் பெண்பிள்ளைகளைப் பார்த்தவளுக்கு அது தெரியாதா. "ஒன்றை மட்டும் மரியாதையோடு கேட்க விரும்புகிறேன். நாம் எல்லோரும் செண்பகத்தைப் பார்த்துச் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் செண்பகம் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். படித்தவர், ஆசிரியர். அவர் சமைத்த இட்லியும், வைத்த சாம்பாரும், அவர் குரலும் ஊர் ஊராகக் கேலிப்பொருளாயின. எல்லாவற்றையும் பேசிய நம் பேராசிரியர், அந்தப் பெண்ணுக்கென்று ஒரு குரலைக் கொடுக்கவே இல்லை. இனி இந்த அரங்கில் பேசுகிறவர்களாவது இதை யோசிக்கவேண்டும்." பின்வரிசையில் சலசலப்பு. "ஏம்மா, எழவு வீட்டுல வந்து பேசுற பேச்சா இது?" என்று ஒரு குரல். "உக்காரச் சொல்லுய்யா" என்று இன்னொன்று. பெண்கள் பக்கம் நாலைந்து பேர் கைதட்டினார்கள், அதைக் கேட்டதும் ஆண்கள் பக்கம் சத்தம் கூடியது. மாகாளி மணியை அடித்தான், எதற்கு அடிக்கிறோம் என்று தெரியாமல் மறுபடியும் அடித்தான். அந்தப் பெண் அசையவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது, "நன்றி" என்று சொல்லிவிட்டு மேடை ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரி முதல்வர் பிரமநாயகி பக்கம் குனிந்து, "அம்மா, மன்னிச்சிரணும். சின்னப் பொண்ணு. நீங்க பேசும்போது ஒரு வார்த்தை சொல்லி முடிச்சு வச்சிருங்க" என்றார். என்ன முடித்து வைக்க. அந்தப் பெண் சொன்னதில் என்ன பொய். படித்தவர், ஆசிரியர், ஊர் ஊராக, எல்லாம் சரி. எங்கேயோ ஒரு முள் மட்டும் தைத்தது, எந்த வார்த்தை என்று தேடிக்கொண்டே போனாள், இட்லி இல்லை, சாம்பார் இல்லை, குரல். குரலைக் கொடுக்கவில்லை. குரலை.

அது வேண்டாம், இப்போது வேண்டாம், மின்விசிறி ஏன் இப்படிக் கிரீச்சிடுகிறது, எண்ணெய் போட ஆள் இல்லையா இவ்வளவு பெரிய கல்லூரியில். அதுவும் கிரீச்சிட்டது, தென்காசி வீட்டுத் தொட்டில் கொக்கி. பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தான். சங்கரலிங்கம் என்று தாத்தா பேர், கூப்பிடுவது லிங்கு. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மூளைக்காய்ச்சல் என்றார்கள், திரும்பி வரும்போது அவர் கையில் துணிமூட்டை மாதிரி. அவ்வளவுதான், அதற்குமேல் அங்கே போகக்கூடாது. அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு நின்றுபோனது. வேண்டுமென்று இல்லை. வாயைத் திறந்தால் காற்று வரும், சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு. டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார், கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், ஊர்க்காரிகள் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டு இவள் அழாததைப் பார்த்துப் பயந்து போனார்கள். வீட்டில் மாதக்கணக்கில் சத்தமில்லை. அவர் காலையில் சமைப்பார், கல்லூரி போவார், வந்து சமைப்பார். அதுவரை அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியாத மனுஷன். சாதம் குழையும், பருப்பு வேகாது, சாம்பார் என்று ஒன்று வைப்பார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அதைச் சாப்பிடுவார்கள், சுவர்க்கோழி கத்தும். ஒரு நாள் அவர் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையோ பார்த்துச் சொல்வது போலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்கு வழியில ஒருத்தியைப் பாத்தேன் பிரமு. செண்பகம்னு பேரு. எங்க போனாலும் கூடவே வாரா. வாயின்னா வாயி, அப்பிடி ஒரு வாயி. 'யோவ், நீரு வச்ச சாம்பாரைக் கடல்ல ஊத்தினா, கடலே உப்புக் கரிக்குதுன்னு அழும்யா'ங்கா." மறுநாளும் செண்பகம் வந்தாள். அவர் வேட்டி கட்டின லட்சணத்தைப் பழித்தாள், துவைத்த துணியைக் காயப்போட்ட அழகைப் பழித்தாள், "அறிவு கெட்ட மனுசா" என்று கூப்பிட்டாள். அவர் இரண்டு குரலில் பேசுவார், செண்பகம் குரலில் தன்னைத் தானே திட்டிக்கொள்வார், தன் குரலில் கெஞ்சுவார். தினமும். சத்தம் இல்லாத வீட்டில் ஒரு பெண்பிள்ளை சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் அதைச் சொல்லும்போது இவள் முகத்தைப் பார்க்கவே மாட்டார், அது இவளுக்குப் பிறகுதான் புரிந்தது, பார்த்தால் இவள் சிரிக்கிறாளா என்று எதிர்பார்ப்பது போல ஆகிவிடும், எதிர்பார்ப்பைப் போல் பாரம் ஏதும் இல்லை. மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம், செண்பகம் அவரைக் "குழம்பில் உப்பே இல்லை" என்று திட்டிக்கொண்டிருந்தபோது, இவள் வாயிலிருந்து வந்தது: "பொய் சொல்லுதா. உப்பு கூடிப்போச்சு." துருப்பிடித்த குரல். யாருடையது என்று இவளே திரும்பிப் பார்த்தாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, கண்ணெல்லாம் சிவந்துபோய், "வெங்காயம்" என்றார்.

அதன்பிறகு பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்தார்கள், வேறு பிள்ளை இல்லை, மேடைகள் வந்தன, செண்பகமும் மேடையேறினாள். ஏறும்போது தலைகீழாக மாறிவிட்டாள்: சாம்பார் அவர் வைத்தது இல்லை என்றாகி, அவள் வைத்ததாயிற்று. ஏன் மாற்றினீர்கள் என்று இவள் கேட்டதில்லை. ஆம்பிளை சமைக்கிறான் என்றால் ஏன் சமைக்கிறான் என்று கேட்பார்கள், ஏன் என்றால் அவள் ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்பார்கள், அப்புறம் தொட்டில் வரைக்கும் வந்துவிடுவார்கள். அவர் வாசலிலேயே ஆளை நிறுத்தி இட்லியை உருட்டிக் காட்டிச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டார். சரி, அதற்காக வலிக்கவே இல்லை என்று சொல்ல முடியுமா? இந்தப் பெண் கேட்பது அதுதானே. வலித்தது. காய்கறிக்காரி "என்னம்மா, கல்லு இட்லிக்கு எந்த அரிசி போடுதிய?" என்று கேட்டபோது வலித்தது. எல்லாவற்றையும்விட அவள் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா. சிறப்பு விருந்தினர் அவர். கையில் விருதுக் கோப்பைகளோடு அவள் மேடை ஓரத்தில் நிற்கிறாள், அவர், "செண்பகம் பேச ஆரம்பிச்சா நான் கேக்கதே இல்ல, தெருவுல போறவன் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லுவான்" என்கிறார், அவள் வகுப்புப் பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கின்றன. அடுத்த வாரம் கரும்பலகையில் யாரோ 'செண்பகம் டீச்சர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் அவரிடம் சொன்னாள், சத்தம் போடாமல்தான்: "என் இடத்துல வந்து என்னை இல்லாம ஆக்கிட்டிய." அவர் முகம் விழுந்தது அவளுக்கு நினைவிருக்கிறது, மேடையில் எத்தனையோ முகம் காட்டுகிற மனுஷனுக்கு அப்போது ஒரு முகமும் அகப்படவில்லை. பிறகு, "தப்பு பிரமு. பெரிய தப்பு. செண்பகத்தைக் கொன்னுரட்டுமா? ஒரு வார்த்தை சொல்லு, நாளையிலேருந்து அவ கிடையாது" என்றார். விளையாட்டுக்கு இல்லை. கொன்றுவிடுவார். பிழைப்பே அவளை வைத்துத்தான் என்றாலும் கொன்றுவிடுவார். இவள் யோசித்தாள். கொன்றால் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்தாள். சுவர்க்கோழிச் சத்தம் ஞாபகம் வந்தது. "வேண்டாம். இருந்துட்டுப் போட்டும். எங்க ஸ்கூல் பக்கம் மட்டும் கூட்டிட்டு வராதீங்க" என்றாள். அவர் வரவில்லை. அவள் ஓய்வுபெறுகிற நாள்வரை அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை அவர் மிதிக்கவே இல்லை, கூப்பிட வந்தாலும் ஸ்கூட்டரோடு முக்கு டீக்கடையில்தான் நிற்பார்.

"நிறைவாக, அம்மா அவர்கள்" என்றான் மாகாளி, 'சுருக்கமாக' என்பதையும் சேர்த்துக்கொண்டான், அது அவளுக்காக இல்லை, நடந்துவிட்ட ரசாபாசத்தை மூடிவிடுகிற அவசரம். எழுந்தாள். பொன்னாடையை நாற்காலியில் போட்டாள். பயம் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது, தொண்டைக்குழியில் ஒரு சுண்டைக்காய் அளவுக்கு. வாயைத் திறந்து காற்று மட்டும் வந்தால்? தென்காசி வீட்டுக் காற்று. மைக் முன்னால் போய் நின்றாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள், அழுவாளா, அந்தப் பெண்ணை வைவாளா. சொல்லிவிட்டால் என்ன? எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தான் என்று ஒரு வரி சொன்னால் போதும், அரங்கமே அவர் காலில் விழும், அந்த ஓரத்து நாற்காலிப் பெண் தரைக்குள் போய்விடுவாள், வாழ்நாள் பூராவும் இனி எந்த மேடையிலும் எதையும் கேட்கத் துணியமாட்டாள். பெனிட்டா இன்னும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கை, மோதிரம் இல்லை, விரல் நுனியில் சாக்பீஸ் வெள்ளை. வேண்டாம். லிங்கு எங்கள் வீட்டுப் பிள்ளை, யாரையும் ஜெயிப்பதற்காக அவனை மேடைக்குத் தூக்கி வருவதா. "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். சத்தம் வந்தது. நன்றாகவே வந்தது, கடைசிச் சுவரில் போய் முட்டித் திரும்பியும் வந்தது. "பெனிட்டாம்மா, தலையை நிமித்து. நீ சொன்னது சரி. பின்னால சத்தம் போட்டவங்க கேட்டுக்கிடுங்க, அந்தப் பிள்ளை சொன்னது சரி. எனக்கு வலிச்சிருக்கு. அவர்ட்டயும் சொல்லியிருக்கேன். செண்பகத்தைக் கொன்னுரட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம்னு சொன்னது நான். ஏன் சொன்னேங்கது என் சங்கதி, அதை விடுங்க. ஆனா வழக்குப் போடுததுன்னா என் பேரையும் சேத்துப் போடு. எனக்குக் குரலே இல்லைன்னு மட்டும் எழுதிராத தாயி." பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள், கண்ணாடிக்குள் கண் பளபளத்தது, அவளைப் பார்த்துத்தான் பிரமநாயகி மேற்கொண்டு பேசினாள். "இன்னொண்ணு. நான் வச்ச சாம்பார்னு ஊர் ஊராச் சொன்னாருல்லா, உப்பு சாம்பாரு, அதை வச்சது நான் இல்ல. அவரு. என் சாம்பாரு நல்லாத்தான் இருக்கும். இத்தனை வருசமா நீங்கள்லாம் விழுந்து விழுந்து சிரிச்சது அவர் சமையலைப் பாத்து."

முதலில் முன்வரிசையில் ஒருவர்தான் சிரித்தார், பிறகு அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று, பெண்கள் பக்கம் போனபோது பெரிதாகி, ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போய் விசிலாக மாறியது. யாரோ ஒருவர், "சார் ஏம்மா சமைச்சாரு?" என்று கத்தினார். இதோ, வந்துவிட்டார்கள் வாசலுக்கு. அவளுக்குத் தடுமாற்றமே வரவில்லை. "நல்லாச் சமைச்சிருந்தா ஏன்னு சொல்லலாம். அந்தச் சமையலுக்குக் காரணம் வேற கேக்கீங்களா?" மறுபடியும் சிரிப்பு, இந்த முறை மாகாளியே மணியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவள் காத்திருந்தாள். மேலே போகட்டும். உச்சியில் ஒன்றும் சொல்லக்கூடாது. உடம்பு முழுக்க லேசாகிவிட்டது போல இருந்தது. இதற்காகத்தானா மனுஷன் காய்ச்சலோடுகூட ராமநாதபுரத்துக்கும் தேனிக்கும் பஸ் ஏறி ஓடினார், வீட்டில் இருந்தால் மாத்திரை, மேடையில் நின்றால் மருந்து என்பார். பெனிட்டா சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். முதல்வர் நிம்மதியாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மாகாளியைப் பார்த்துச் சாடை காட்டினார், மாகாளி தயங்கித் தயங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவள் முன்னால் ஒரு துண்டுச் சீட்டை வைத்தான். 'அம்மா, நேரம். உணவு தயார்' என்று எழுதியிருந்தது. அவள் அதைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, மைக்கிலேயே வாசித்தாள். கூட்டம், "பேசுங்கம்மா, பேசுங்க" என்று கத்தியது. "போய் உக்காரு மாகாளி. சோறு எங்கயும் ஓடிராது" என்றாள். அவன் போய் உட்கார்ந்தான். சிரிப்பு உச்சிக்குப் போய், திரும்பி, இறங்க ஆரம்பித்தது. மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டாள் பிரமநாயகி.

"எங்க வீட்டுக்காரர் இருக்காரே" என்று ஆரம்பித்தாள்.